பரம்பரைப் பிணியை மறைத்தல் அறமாகுமா?

ஒரு குடும்பத்தில் தாய் பெருங்குடற் புற்றுநோயால் மாண்டாள். தமக்கை இளவயதிலேயே கருப்பைப் புற்றுக்கு இரையானாள். எஞ்சிய பெண்மக்களுக்கு இதனை எடுத்துரைப்பது கடமையா? அன்றி, அவர்களுடைய மன அமைதியையும் மணவாழ்வையும் கருதி மூடி வைப்பது கருணையா? இவ்வினாவை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், ஆல்டிரெட் வார்த்தின் என்னும் மருத்துவ அறிஞரிடம் தையல் வேலை செய்துவந்த மாது ஒருத்தி, தன் குலத்தார் பலர் குடற் புற்றாலும் கருப்பைப் புற்றாலும் மடிந்தமையால் தன் முடிவும் அதுவே எனக் கூறினாள். அவ்வாறே அவள் இளமையில் கருப்பைப் புற்றால் இறந்தாள். வார்த்தின் அவள் சொல்லைப் பேதைமை என்று தள்ளாது, அக்குடும்ப வரலாற்றைத் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். பின்னர் இவ்வாராய்ச்சியை வளர்த்த ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவரின் பெயராலேயே இந்நிலை 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என வழங்கலாயிற்று.

இதற்குக் காரணம் தெய்வ கோபமன்று, முற்பிறப்பின் வினையுமன்று. கணக்கேட்டைப் படியெடுக்கையில் நேரும் பிழையைத் திருத்துவோன் போல, உயிரணுக்கள் பெருகுகையில் நேரும் பிழையைத் திருத்தும் மரபணுக்கள் நம் உடலில் உள. அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருப்பின் பிழைகள் மலிந்து புற்று முளைக்கும் வாய்ப்பு மிகும். பழுதுடையவர் தந்தையாயினும் தாயாயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதியாம். இங்ஙனமிருக்க, 'அவள் பிறந்த வீட்டுக் குற்றம்' என்று மருமகளை மட்டும் பழிப்பது எவ்வகை நீதி?

அறியாதிருப்பதும் ஒருவரது உரிமையன்றோ, அறிந்தோர் நாளும் அஞ்சியே சாவாரன்றோ என வினவுவார் உளர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. பழுதினைப் பெற்றோர் அனைவரும் நோயுறுவதுமில்லை. தீர்க்க வழியில்லாத துன்பமாயின், மௌனம் கருணை எனக் கொள்ளவும் கூடும். ஆனால் ஈண்டு வழியுண்டு. இத்தகைய குடும்பத்தார் இருபது, இருபத்தைந்து வயது முதலே ஓரிரு ஆண்டுக்கொருமுறை குடலைக் கருவி கொண்டு சோதித்து, புற்றாக மாறுமுன் முளைகளை அகற்றிக்கொள்ளலாம். பின்லாந்து நாட்டில் பதினைந்து ஆண்டு நடந்து 2000-இல் வெளியான ஆராய்ச்சியில், இவ்வாறு சோதிக்கப்பட்டோரிடையே குடற் புற்று பாதிக்கு மேல் குறைந்தது. பெண்களுக்கோ கருப்பைக்கும் ஆபத்துண்டு. ஆதலின் காலமல்லாக் காலத்து உதிரப்போக்கை நாணத்தால் மறைத்தல் உயிரைப் பணயம் வைத்தலாகும்.

சொல்லுதல் வேறு, வற்புறுத்தல் வேறு. தங்கையிடம் உண்மையைச் சொல்வது நம் கடன். சோதித்துக்கொள்வதா என்பது அவள் முடிவு. சொல்லாது விடுவோமாயின், அம்முடிவை அவள் கையினின்றும் நாமே பறித்தவராவோம்.

எனினும் மறைக்கும் பெற்றோரை மட்டும் குறை கூறுதல் போதாது. மகளுக்கு வரன் அமையாதென்னும் அச்சமே அவர்தம் வாயைப் பூட்டுகின்றது. ஜாதகத்தைப் பத்துப் பேரிடம் காட்டுவோம். குடும்பத்தின் நோய் வரலாற்றை மருத்துவரிடமும் கூற நாணுவோம்! குருதியில் வந்ததைக் குலக்களங்கமாக்கும் சமூகம், அம்மௌனத்தால் நேரும் ஒவ்வொரு சாவிலும் பங்குடையது. பிறப்பால் எவரும் குற்றவாளியல்லர். அறிந்தும் உரைக்காமையே குற்றம், உரைத்தாரை இகழ்தல் அதனினும் பெருங்குற்றம்.