யாருடைய வேகம்?

ராஸ்பெர்ரி பை என்று ஒரு சிறு கணிப்பொறி, உள்ளங்கையில் அடங்கிவிடும். மாணவர்கள் கற்பதற்கென்று 2012-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அதைத் தம் மின்சார ஸ்கூட்டரில் பொருத்தியிருக்கிறார். பாட்டரிக்குள் எந்தச் செல் தளர்ந்திருக்கிறது, எது சூடேறுகிறது என்பதையெல்லாம் அது திரையில் எழுதிக் காட்டுகிறது. இதில் தவறு என்ன இருக்கிறது? விலை கொடுத்து வாங்கியவனிடமே வண்டியின் நோயை மறைத்து வைப்பதுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் அதே பலகையைக் கொண்டு வேகக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிட எண்ணுகிறார். “என் வண்டிதானே!” என்பது அவர் வாதம். இங்கேதான் நான் வேறுபடுகிறேன். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாருடன் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்டு ஓடும் இலேசான வண்டி என்பதால்தான் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்று இந்தியச் சட்டம் விட்டிருக்கிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். அந்தத் தூரத்துக்குள் கீரைக்கூடையோடு தெருவைக் கடக்கும் கிழவியை யார் கேட்டார்கள்? வேகந்தான் வேண்டுமென்றால் பதிவு செய்த வண்டியை வாங்கிக்கொள்ளலாமே; கடைகளில் அதற்கா பஞ்சம்!