மனைவியின் பெயரில் ஒரு நிலம்

தாய்லாந்தின் வடகிழக்கே, உடோன் தானி போன்றதொரு நகரில், நில அலுவலகத்தின் மேசை முன்பு இருவர் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒருவன் ஐரோப்பிய நாடொன்றில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். மற்றவள் அவனை முறைப்படி மணந்து, மாவட்ட அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்துகொண்ட அந்நாட்டுப் பெண். ஊரின் ஓரத்தில் ஒரு 'ராய்' நிலம் பார்த்திருக்கிறார்கள். ராய் என்பது 1600 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ நாற்பது சென்ட். பணம் கணவனின் சேமிப்பிலிருந்து வந்தது. விலை பேசி முடிந்து, விற்பவரும் வந்துவிட்டார். அப்போது அலுவலர் ஒரு தாளை அவர்கள் முன் வைக்கிறார். இந்நிலத்திற்குச் செலுத்தும் பணம் முழுவதும் மனைவியின் தனிச்சொத்து. அது கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து அன்று. இவ்வாறு இருவரும் சேர்ந்து உறுதி கூறுவதாக அத்தாள் சொல்கிறது. மனைவி கையெழுத்திடுகிறாள். கணவனும் இடுகிறான். சிவப்புக் கருடன் முத்திரை பொறித்த நிலப் பட்டா அவள் பெயருக்கு மாறுகிறது.

பத்து நிமிடத்தில் முடிந்துபோகும் காரியம் இது. அந்நாட்டில் குடியேறிய அயல்நாட்டுக் கணவர்களுள் எத்தனையோ பேர் இவ்வாறு கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுள் பலர் இதை வெறும் சடங்கு என்றே சொல்வார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. அந்த ஒற்றைத் தாளில் உண்மை, கொடை, திருமணம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

முதலில் அந்நாட்டின் பக்கம் நின்று பார்ப்போம். மண்ணை அயலாருக்கு விற்கக் கூடாது என்னும் சட்டத்தைக் குறுகிய மனத்தின் வெளிப்பாடு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கே பர்மாவும் தெற்கே மலாயாவும் ஆங்கிலேயர் வசமாயின. கிழக்கே இந்தோசீனம் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையில் தப்பி நின்ற நாடு சயாம். தப்பியதற்கும் அது விலை கொடுத்தது. 1855இல் கையெழுத்தான பௌரிங் உடன்படிக்கை, பிரித்தானியக் குடிமக்கள் பாங்காக்கைச் சுற்றிய எல்லைக்குள் நிலம் வாங்க வழிவிட்டது. அதே வேளையில் அவர்களைச் சயாமிய நீதிமன்றங்களின் அதிகாரத்திலிருந்து விலக்கியும் வைத்தது. தன் மண்ணை வாங்கியவனைத் தன் நீதிபதி விசாரிக்க முடியாத நிலை எத்தகையது என்பதை அந்நாடு பட்டறிந்தது. படிப்படியாக அந்நிலையிலிருந்து முற்றிலும் விடுபட அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

1954ஆம் ஆண்டின் நிலச் சட்டம், உடன்படிக்கையின் வழியாகவே அயல்நாட்டார் நிலம் பெறலாம் என்றது. 1970க்குப் பின் அத்தகைய உடன்படிக்கை எதுவும் நடைமுறையில் இல்லை. நான்கு கோடி பாட் முதலீடு கொண்டுவருவோர் அமைச்சரின் அனுமதியோடு குடியிருப்புக்கென ஒரு ராய் வரை வாங்கலாம் என்று 1999இல் ஒரு வாயிலைத் திறந்தார்கள். அது செல்வரின் வாயில், ஓய்வூதியக்காரனுக்கு உரியதன்று.

இச்சட்டத்தின் சுமை மிகுதியாக விழுந்தது பெண்கள் மேல்தான். அயல்நாட்டானை மணந்த தாய்லாந்துப் பெண், தன் சொந்த நாட்டில், தன் சொந்தப் பெயரில் நிலம் வாங்குவதே 1999 வரை தடைப்பட்டிருந்தது. கணவனின் கை அவள் பணப்பைக்குள் இருக்கும் என்ற ஐயமே காரணம். அவள் நெசவு நெய்தோ கடை நடத்தியோ சேர்த்த பணமாயிருந்தாலும் விதி ஒன்றுதான். அவள் குடியுரிமையை எவரும் பறிக்கவில்லை. ஆனால் ஒரு குடிமகளுக்குரிய அடிப்படையான உரிமையொன்று மணமாலையோடு கழன்று விழுந்தது. ஆணும் பெண்ணும் சமம் என்று 1997ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் உரைத்த பின்னரே இந்நிலை மாறிற்று. 1999இல் உள்துறை அமைச்சகம் தடையை நீக்கி, அதனிடத்தில் இந்த உறுதிமொழித் தாளை வைத்தது. ஆகவே அந்தத் தாளை வெறுமனே பழிப்பதும் முறையாகாது. பூட்டியிருந்த கதவைத் திறந்த சாவியும் அதுவே.

இனி நம் கேள்விக்கு வருவோம். அத்தாளில் எழுதியிருப்பது உண்மையா?

பணம் மெய்யாகவே அவளுடையதாயின் சிக்கல் எதுவுமில்லை. கணவன் தன் பணத்தை முழுமனத்தோடு அவளுக்கு முன்னரே கொடுத்துவிட்டிருந்தாலும் சிக்கலில்லை. கொடுத்த பின் அது அவளுடையதே. இடர்ப்பாடு மூன்றாவது நிலையில் இருக்கிறது. 'நிலம் என்னுடையது, சட்டத்திற்காக அவள் பெயரில் இருக்கிறது' என்று அவன் உள்ளத்தில் சொல்லிக்கொண்டு கையெழுத்திடும் நிலை அது. நண்பர்களிடம் பேசும்போது வாய்தவறி அப்படியே சொல்லியும் விடுவான்: 'உடோனில் எனக்கு ஒரு ராய் நிலம் இருக்கிறது.'

இதற்கு நம்மிடம் பழகிய சொல் ஒன்று உண்டு: பினாமி. வியப்பு என்னவெனில், நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் மனைவியின் பெயரில் வாங்குவதைத் தடைக்குள் கொண்டுவரவில்லை. 2016இல் சட்டத்தை இறுக்கியபோதும், பணம் கணக்கில் வந்ததாயின் அந்த விலக்கு தொடர்ந்தது. அதனால் நம்மவர் மனைவியின் பெயரில் மனை வாங்கும்போது, 'இது யாருடைய பணம்?' என்று எவரும் கேட்பதில்லை. அவர்களும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. பாசத்தினாலா, வருமான வரிக்காகவா, கடன்காரருக்கு அஞ்சியா என்பது குடும்பத்தின் மூடுபனிக்குள் மறைந்துவிடுகிறது. தாய்லாந்தில் கேட்கிறார்கள், எழுத்தில் கேட்டு, இருவரிடமும் கையொப்பம் வாங்குகிறார்கள். கேள்வி கேட்கப்பட்ட இடத்தில் மௌனத்திற்கு இடமில்லை. ஒன்று உண்மை, அல்லது பொய்.

பொய்யாயின் அது ஒருவனின் பொய்யன்று. இருவர் கூடிச் சொன்ன பொய். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் அனனியா, சப்பிரா தம்பதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் நிலத்தை விற்றார்கள். பணத்தில் ஒரு பகுதியை மறைத்து வைத்துவிட்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டார்கள். பணத்தை வைத்துக்கொண்டதற்காகப் பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அது அவர்களுடையதாகவே இருந்தது என்றுதான் சொன்னார். கொடுத்துவிட்டோம் என்று காட்டிக்கொண்டு உள்ளே பிடித்துவைத்ததே அவர்கள் குற்றம். நில அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நம் கணவனின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

நாட்டின் சட்டமும் இதைச் சிறு பிழையாகக் கருதவில்லை. அயல்நாட்டானுக்காகத் தன் பெயரில் நிலத்தை வைத்திருப்பவர் அதை விற்றாக வேண்டும். இருபதாயிரம் பாட் வரை தண்டமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ நேரலாம். கவனிக்க வேண்டியது, இத்தண்டனை பெயரைக் கொடுத்தவருக்கு உரியது என்பது. கணவனின் உள்ளத்தில் இருக்கும் 'என்னுடையது' என்னும் ஒரு சொல்லுக்காகச் சிறை வாசலில் நிற்க நேருவது அவள்.

மனைவியின் பக்கத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அயல்நாட்டுக் கணவர்கள் ஏமாந்த கதைகள் பலவாறாகச் சொல்லப்படுகின்றன: வீடு கட்டி முடிந்ததும் மனைவி கதவை அடைத்தாள், அண்ணன் தம்பிகளைக் குடிவைத்தாள் என்றெல்லாம். அத்தகைய ஏமாற்று நடப்பதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வாழ்பவளின் கதையைச் சொல்வார் இல்லை. பட்டா அவள் பெயரில் இருக்கிறது. ஆனால் அவசரத்திற்கு அடகு வைக்க வாய் திறந்தால் 'யார் பணம் அது?' என்ற கேள்வி வரும். தங்கைக்கு ஒரு மூலையில் குடிசை போட இடம் கொடுக்க அவளால் முடியாது. ஊரார் கண்ணுக்கோ அவள் நிலத்துக்காக மணந்தவள். அரசாங்கத்திற்கு அவள் உரிமையாளர், கணவனுக்கு அவள் ஒரு பெயர், ஊருக்கு அவள் கெட்டிக்காரி. இம்மூன்றில் எதுவும் மனைவி அன்று.

இங்கே சட்டத்தின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. தாய்லாந்தின் குடும்பச் சட்டம் கணவன் மனைவியின் உடைமைகளை இருவகையாகப் பிரிக்கிறது. திருமணத்திற்கு முன்பே இருந்தவையும், பின்னர் ஒருவருக்கு மட்டும் கொடையாகவோ மரபுரிமையாகவோ வந்தவையும் 'சின் சுவான் துவா', அதாவது தனிச்சொத்து. மணவாழ்வின்போது ஈட்டியவை 'சின் சோம்ரோட்', மணச்சொத்து. அது இருவருக்கும் உரியது. அழகான பிரிவு இது. கணவன் ஈட்டுகையில் மனைவி சமைத்ததும், மனைவி ஈட்டுகையில் கணவன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும் ஈட்டலின் பகுதியே என்னும் ஞானம் அதில் இருக்கிறது. ஆனால் நில அலுவலகத்தின் தாள், 'இது நம்முடையது அன்று' என்று இருவரையும் சொல்லவைக்கிறது. பத்தாண்டு சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து சிக்கனம் பிடித்துச் சேர்த்த பணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல நேர்ந்தால், உண்மை பேச விரும்புகிறவனுக்கும் நா எழாது. 'நம்முடையது' என்பதே அங்கு உண்மை. அந்த ஒரு சொல்லுக்குத் தாளில் இடமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? நிலமே வாங்காமல் இருந்துவிடலாம். அடுக்குமாடிக் கட்டடங்களில் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை அயல்நாட்டார் தம் பெயரிலேயே வீடு வாங்கலாம். ஆனால் வயல் நடுவே ஒரு வீடும், மாமரமும், மாமனார் மாமியார் வந்துபோகும் திண்ணையும் வேண்டும் என்பவனுக்கு அது விடையாகாது. அவனுக்கு நேர்மையான வழி ஒன்றே எனக்குத் தெரிகிறது: தாளில் உள்ளதை உண்மையாக்கிவிடுவது. கையெழுத்திடும் முன் அவன் உள்ளத்தில் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வராது என்று அறிந்து, அவள் விற்றாலும் தங்கைக்குக் கொடுத்தாலும் கேட்க உரிமையில்லை என்று ஏற்றுக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க மனம் ஒப்பவில்லையாயின், மனம் ஒப்பும் தொகைக்குச் சிறிய நிலத்தைப் பார்ப்பது நல்லது. வாழ்வின் சேமிப்பெல்லாம் ஒரே மண்ணில் போய்விட்டால் கொடையும் அச்சமும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கும்.

முழுமனத்தோடு கொடுத்தவன் முதுமையைப் பற்றி எண்ணக் கூடாது என்பதன்று. வாழ்நாள் முழுவதும் அங்கே குடியிருந்து பயன் துய்க்கும் உரிமையை மனைவி அவனுக்கு எழுதித் தரலாம். முப்பதாண்டு வரை குத்தகை தரலாம். நிலம் அவளுடையதாயிருக்க, மேலே எழும் வீடு அவனுடையது என்றும் பதியலாம். கணவனும் மனைவியும் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை இருவரில் எவரும் மணவாழ்வின்போதோ, அது முடிந்த ஓராண்டுக்குள்ளோ நீக்கிவிடலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்வதால் இவை இரும்புக் கோட்டைகள் அல்ல. ஆயினும் அதே அலுவலகத்தில், அதே அலுவலர் முன்பு, வெளிச்சத்தில் பதியக்கூடியவை. தேதியிடாத விற்பனைத் தாளில் மனைவியிடம் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பதும், வாங்காத கடனுக்கு அவளைக் கடனாளியாக்கி எழுதிக்கொள்வதும், பெயருக்குப் பங்குதாரர்களைச் சேர்த்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கி அதன்வழி நிலத்தைப் பிடிப்பதும் வேறு வகை. அலுவலரிடம் காட்ட முடியாத காகிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அவளோடு ஒரே பாயில் உறங்குவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, மணமான புதிதில் எவரும் பேச விரும்பாதது. அவள் முதலில் இறந்துபோனால்? கணவனும் வாரிசுதான், ஆனால் தனியொரு வாரிசு அல்லன். பிள்ளைகளும், அவள் பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களும், உடன் பங்குபெறுவர். தன் பங்காக வந்த நிலத்தை வைத்துக்கொள்ள அமைச்சரின் அனுமதி கிடைக்காவிட்டால், குறித்த காலத்திற்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள், அவன் அதை விற்றாக வேண்டும். எழுபது வயதில் மனைவியைப் புதைத்துவிட்டு, அவள் நட்ட மாமரத்தையும் விற்க வேண்டும். அதனால் கொடை பெற்றவளுக்கும் ஒரு கடமை வருகிறது. தன் வீட்டாரிடம், 'இவர் இருக்கும் மட்டும் இவ்வீட்டில் இருப்பார்' என்று அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்லி, உயிலாகவும் எழுதிவைப்பது அது. அவன் கேட்டு அவள் எழுதினால் அது ஒப்பந்தம் போலாகிவிடும். கேளாமலே ஒரு நாள் அவள் நில அலுவலகத்திற்குத் தனியே போய், வாழ்நாள் குடியிருப்பு உரிமையை அவன் பெயருக்குப் பதிய என்னென்ன தாள்கள் வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்து, மாலையில் சோறு பரிமாறும்போது சொல்வாளாயின், அன்று அவன் என்ன பதில் சொல்வான்?