மவுத்திற்குப் பின்னும் வரவாகும் தர்மம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வியாபாரிகளாகிய நாம் கடையைப் பூட்டுமுன் கல்லாவை எண்ணுகிறோம். வருஷ முடிவில் ஐந்தொகை போடுகிறோம். இருப்பு இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, கொடுக்கவேண்டியது இவ்வளவு என்று பேரேட்டில் பைசா பிசகாமல் எழுதி வைக்கிறோம். ஆனால் அல்லாஹு தஆலா நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகிய இந்த உடலைப் பற்றி நம் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறோமா?

பலஸ்தீனத்தில் நடந்த சம்பவம் ஒன்றைக் கேளுங்கள். 2005-ஆம் வருஷம் நவம்பர் 3-ஆம் தேதி, நோன்புப் பெருநாள். ஜெனீன் அகதி முகாமில் அஹ்மது கதீப் என்னும் 12 வயதுச் சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றான். அதை நிஜத் துப்பாக்கி என்று எண்ணி இஸ்ரேலியச் சிப்பாய்கள் சுட்டுவிட்டார்கள். ஹைபா நகர மருத்துவமனைக்குக் கொண்டு போயும் பயனில்லை. 5-ஆம் தேதி சிறுவன் வபாத்தானான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா என்று பெற்றோரிடம் கேட்கப்பட்டது. தகப்பனார் இஸ்மாயீல் கதீப் தம் சகோதரரை நினைத்தார். அவர் மாற்று உறுப்புக்குக் காத்திருந்து, கிடைக்காமல், 24 வயதிலேயே மவுத்தானவர். மார்க்கம் அறிந்தவர்களிடமும் விசாரித்த பின் பெற்றோர் சம்மதித்தார்கள். அவ்வுறுப்புகள் இஸ்ரேலியர் ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டன. இருதயம் ஒரு துரூஸ் இனச் சிறுமிக்குச் சென்றது. சிறுநீரகங்களில் ஒன்று பதவீ அரபுச் சிறுவனுக்கும், மற்றொன்று ஒரு யூதச் சிறுமிக்கும் போயின. மகனைச் சுட்டவர்கள் எந்த நாட்டாரோ, அந்த நாட்டாரின் குழந்தைக்கே மகனின் உறுப்பைக் கொடுத்தார் அந்தத் தகப்பனார்!

இதை நான் வீட்டில் சொன்னபோது, அதே வயதுடைய என் மகன், “அத்தா, எனக்கு அப்படி நேர்ந்தால் நீங்கள் சம்மதிப்பீர்களா?” என்று கேட்டான். என் நாவு எழவில்லை. கடையில் எந்தச் சரக்கின் விலை கேட்டாலும் தயங்காமல் சொல்லுகிற எனக்கு, பெற்ற பிள்ளையின் கேள்விக்கு விடை தெரியவில்லை. அன்றிரவே இதை எழுத நிய்யத்து வைத்தேன்.

ஒரு உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்ற கருத்தை ஸூரத்துல் மாயிதாவின் 32-ஆம் ஆயத்து நமக்குப் போதிக்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நாய்க்குச் செய்த உபகாரத்திற்கே இந்தக் கூலியென்றால், மனித உயிரைக் காப்பதற்கு எவ்வளவு கூலி!

“மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றதென்று ஹதீது இருக்கிறதே?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மையித்தை அவமதிக்கக் கூடாதென்பதே அதன் நோக்கம் என்று உலமாக்கள் பலர் விளக்கம் கூறுகிறார்கள். உறுப்பை எடுப்பதும் ஓர் அறுவை சிகிச்சைதான். பிறகு தையலிட்டு உடலை ஒப்படைப்பார்கள். குளிப்பாட்டுதல், கபன், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் எதுவும் தடைப்படாது. மாறுபட்ட கருத்துடைய உலமாக்களும் உண்டு. ஐயமுள்ளவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

மலேசியாவில் 1970-லேயே தேசியப் பத்வாக் குழு கண், இருதய மாற்றுச் சிகிச்சையை ஆகுமென்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 1987-ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் முஸ்லிம்கள் சேர்க்கப்படவில்லை. 2007-ல் பத்வாக் குழு இசைவு தந்தபின், 2008 ஆகஸ்டு முதல் நாமும் சேர்க்கப்பட்டோம். 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வேண்டாமென்று எழுதிக் கொடுக்காதவரை, அதில் அடங்குவர். மலேசியாவிலோ விரும்புகிறவர்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இருந்தாலும் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்பார்கள்.

நம்மிலும் எத்தனை பேர் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்கள்! இந்த வியாதி ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. மதமும் பார்ப்பதில்லை.

ஆகவே சகோதரர்களே, மருத்துவமனை வராந்தாவில், அழுது சிவந்த கண்களோடு நிற்கும் மனைவி மக்கள் மீது இந்த முடிவைச் சுமத்திவிட்டுப் போகாதீர்கள். இன்றே சாப்பாட்டு வேளையில் பேசுங்கள். சம்மதமோ மறுப்போ, தெளிவாகச் சொல்லி வையுங்கள். நான் என் மகனுக்கு மறுநாள் சுபுஹுக்குப் பின் பதில் சொன்னேன். “சம்மதிப்பேன், மகனே. எனக்கு நேர்ந்தால் நீயும் சம்மதித்துவிடு” என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக! மவுத்திற்குப் பின்னும் நம் ஏட்டில் நன்மை வரவாகிக் கொண்டேயிருக்கச் செய்வானாக! ஆமீன்.