கடைப் பெயரும் கத்தரி பிடித்த கையும்

1930களில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஜென்னாரோ ரூபினாச்சி ஒரு தையல் கடை திறந்தார். பெயர் ‘லண்டன் ஹவுஸ்’. அப்போது நல்ல கோட் என்றாலே ஆங்கிலேயன் கோட்தானே! ரூபினாச்சி தையல்காரர் இல்லை, ரசனைக்காரர். துணி வெட்டியவர் வின்சென்சோ அத்தோலினி. தோளில் திணிக்கும் பஞ்சையும் உள்ளே இருந்த லைனிங்கில் பெரும்பகுதியையும் அவர் எடுத்துவிட்டார். சட்டைக்கு வைப்பதுபோல லேசான சுருக்கத்தோடு கை வைத்துத் தைத்தார். விறைப்பா நின்ற கோட் உடம்போடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது.

ரூபினாச்சி கடை இன்று பேரன் வரை வந்திருக்கிறது. அத்தோலினியின் மகன் சேசரே பெயரில் இன்னொரு நிறுவனம், அங்கேயும் பேரன்கள்தான். அப்படியானால் அந்தக் கோட் யாருடைய மரபு?

வெட்டிய கைக்குத்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. பஞ்சில்லாத கோட்டை அழகு என்று நம்பி விற்க ஒருத்தர் இல்லாவிட்டால், அது வெட்டத் தெரியாதவன் வேலை என்றே போயிருக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. அதே மேசையில் குனிந்து பொத்தான் துளை தைத்தவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களும் அப்பா அம்மாவிடம் ஊசி பிடிக்கக் கற்றிருப்பார்கள். முதலாளி வீட்டில் மூன்று தலைமுறை என்றால் பாரம்பரியம் என்கிறோம். தொழிலாளி வீட்டில் அதுவே மூன்று தலைமுறை நடந்தால், ‘பாவம், முன்னேறவே இல்லை’ என்கிறோம். லேபிளில் அவர்கள் பெயரையும் சேர்த்தால் என்னவாம்? கோட் அதேதான். விலைதான் இறங்கிவிடுமோ என்னவோ.