தேய்ந்த திறப்பின் பிரதி



வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பக்கத்து வயல் வீதிகளில் ஓடும் காருக்குப் புழுதி பகை. கல்முனைக் கரையில் நிற்கும் காருக்கு உப்புக் காற்று பகை. இவை இரண்டும் பூட்டையும் விட்டுவைப்பதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே தகப்பனின் காரை மகனும் ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. 1948இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய மொரிஸ் மைனர்கூட நம் வீதிகளில் இன்னும் ஓடுகிறதல்லவா?

அத்தகைய பூட்டின் உள்ளே மெல்லிய தகடுகள் சிறு வில்லுச்சுருள்களின் மேல் நிற்கின்றன. திறப்பின் ஒவ்வொரு வெட்டும் தன் தகட்டைக் குறித்த உயரத்தில் நிறுத்தினால்தான் உருளை சுழலும். காலம் செல்லச் செல்ல வெட்டுக்கள் மழுங்கும். தகடு மயிரிழை அளவு பிசகி நிற்கும். அப்போது நாம் திறப்பை ஆட்டுகிறோம், சற்றே வெளியே இழுத்துத் திருப்புகிறோம். கதவு திறந்துவிடுகிறது. அதனால் குறை தெரிவதில்லை. (சிலர் எண்ணெய் விடுவார்கள். அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பென்சில் கரித்தூள் மேல்.)

ஒருநாள் மகனுக்கும் ஒரு திறப்பு வேண்டுமென்று கடைக்குப் போகிறோம். வெட்டும் இயந்திரம் நாம் கொடுத்த திறப்பைத் தடவித் தடவி அப்படியே புதியதை வெட்டுகிறது. தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டுகிறது! தகப்பனின் கை அறிந்த ஆட்டல் மகனின் கைக்குத் தெரியாது. பளபளக்கும் புதுத் திறப்போடு அவன் வெளியே நிற்கிறான்.

பெற்றோரே, வாசலில் கடன்காரர் நிற்க, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்புகிறீர்கள். ஐம்பத்து மூன்று மணி செபமாலை பத்து மணியாகி, பத்து மணியும் வெறும் சிலுவை அடையாளமாகிறது. உங்களுக்கு அது ஒரு சிறு தேய்வு. பழைய பக்தியின் பழக்கம் உங்களைத் தாங்குகிறது. பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. உங்கள் தேய்வே அவனுக்கு ஆரம்ப அளவு.

அர்ச். சின்னப்பர் இதை அறிந்திருந்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத் தொடக்கத்தைப் பாருங்கள். தம்மைப் பின்பற்றச் சொன்னவர், தாம் யாரைப் பின்பற்றுகிறார் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துவிடுகிறார். அளவு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்.

காருக்கும் அப்படியே. அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் எஃப்.ஏ., எஃப்.எஸ். போன்ற எழுத்துக்களும் மூன்று இலக்கங்களும் திறப்பிலோ ஸ்டார்ட் பூட்டின் முகத்திலோ பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு வெட்டினால், தொழிற்சாலையில் பிறந்த அளவு கிடைக்கும். இலக்கம் அழிந்திருந்தால் பூட்டைக் கழற்றி, தகடு தகடாகப் பார்த்துத் திறப்பை அராவ வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. பலர் "இருக்கிற திறப்பைப் பார்த்தே வெட்டித் தாருங்கள்" என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் வாங்கிப் போகிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அவசரமாய் வந்து, சென்ற முறை சொன்னதையே சொல்லிப் போகிறவர்களையும் நாம் அறிவோம்.