ஒன்றாதல்

'ஈருடல் ஓருயிர்' என்று கல்யாண வாழ்த்துகளில் தாராளமாக எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். என் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், கணவனுக்காகத் தன்னை முழுவதும் கரைத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி, இனி அவள் என்று ஒருத்தி இல்லை, அவன்தான் அவள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதி முற்றும் போட்டேன். பலர் அந்த வாக்கியத்தைப் பாராட்டினார்கள். ஒரு வாசகி மட்டும் தபால் கார்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அப்படியானால் அவள் எங்கே போனாள், ஐயா?"

முதலில் கோபம்தான் வந்தது. தியாகத்தின் உயர்வு தெரியாத கேள்வி என்று எண்ணி, கார்டை மேஜை இழுப்பறையில் தள்ளிவிட்டேன். அதை மறுபடி வெளியே எடுக்கச் செய்தது ஒரு நட்சத்திரம். ஒன்று என்பது பிழை, இரண்டு. அவற்றுக்கு வி.எஃப்.டி.எஸ். 352 என்று பெயர். வானநூலார் தம் கண்டுபிடிப்புகளுக்குப் பெயர் வைப்பதில் கஞ்சர்கள். பெரும்பாலும் நம்பர் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தென்வானில் பெரிய மெகல்லன் மேகம் என்று ஒரு சிறு விண்மீன் கூட்டம் இருக்கிறது. நம் பால்வீதிக்கு அண்டை வீடு. அதனுள்ளே டாரன்டுலா என்ற சிலந்தியின் பெயரைத் தாங்கிய பெரிய வாயுப் படலம் ஒன்று. புதிய நட்சத்திரங்கள் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கும் பிரசவ அறை. அங்கேதான் இந்த இரட்டையர் இருக்கிறார்கள். தூரம் சுமார் 1,60,000 ஒளியாண்டு. சிலி நாட்டுப் பாலைவனத்து மலையுச்சியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியின் மூலம் இவர்களை ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டில் விவரம் வெளியிட்டார்கள்.

இரண்டின் நிறையும் சேர்ந்து நம் சூரியனைப் போல் 57 மடங்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் 5,500 டிகிரி என்றால், இவற்றில் 40,000 டிகிரிக்கும் மேல். இத்தனை பெரிய உடம்புகள் ஒன்றையொன்று சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நாளைக்குச் சற்றே அதிகம். மையத்துக்கு மையம் 1 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர் தூரம். நமக்கும் சூரியனுக்கும் நடுவே 15 கோடி இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், இது எத்தனை நெருக்கம் என்று புரியும். புரிந்தும் போதாது. உண்மையில் இரண்டின் மேற்பரப்புகளும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இடையில் ஒரு பாலம் போலப் பொருள் நிறைந்து, இரண்டும் தம் உடம்பில் 30 சதவிகிதம் அளவுக்குப் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கின்றன.

இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இவை இரண்டு என்று எவரும் கண்ணால் கண்டதில்லை. தொலைநோக்கியில் தெரிவது ஒரே ஒளிப் புள்ளி. அந்த ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால், அதிலுள்ள கோடுகள் ஒரு சமயம் நீலப் பக்கமும் ஒரு சமயம் சிவப்புப் பக்கமும் நகர்கின்றன. ஒன்று நம்மை நோக்கி வரும்போது மற்றது விலகிப் போகிறது. அந்த அசைவை வைத்துத்தான் உள்ளே இருவர் என்று கணக்கிட்டார்கள். தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு எத்தனையோ வீடுகள் ஒரே விளக்காகத்தான் தெரிகின்றன. உள்ளே யார் எந்தப் பக்கம் இழுபடுகிறார் என்பது, பொறுமையாகப் பார்த்தாலொழியத் தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பொறுமை இருந்திருக்க வேண்டும்.

நெருங்கிய இரட்டை நட்சத்திரங்கள் பலவற்றில் நடப்பது வேறு. சிறியது பெரியதன் மேலுடம்பை உறிஞ்சிக்கொண்டு தான் பெருத்துவிடும். இரத்தக் காட்டேரி என்றே அவற்றுக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொடுத்தது மெலிகிறது, வாங்கியது இளமையாய் ஜொலிக்கிறது. இந்த ஜோடியிலோ இருவரும் சமம் என்பதால், ஒருவரை ஒருவர் உறிஞ்சுவதில்லை. பகிர்ந்துகொள்கிறார்கள் என்கிறார்கள் அறிஞர்கள்.

எனக்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. நட்சத்திரத்துக்கு ஒழுக்கம் ஏது? அங்கே நடப்பது ஈர்ப்பு விசையின் வேலை. காட்டேரி நட்சத்திரத்தைப் பாவி என்றோ இந்த இரட்டையரைப் புண்ணியவான்கள் என்றோ சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மேலும், சமமானவர்களிடையேதான் அன்பு முறையானது என்றால், பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருப்பதை என்னவென்பது? தாய் கொடுக்கத்தான் செய்கிறாள், பிள்ளை வாங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நாள் பிரிந்து தனி மனிதனாவதற்காகக் கொடுக்கிறாள். நான் எழுதிய பெண் எதற்காகக் கொடுத்தாள்? அவன் இன்னும் கொஞ்சம் சௌகரியமாக இருப்பதற்காக. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாளாயிற்று.

இனி அந்த இரட்டையரின் வருங்காலத்தைப் பார்ப்போம். இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, இருவரும் கலந்து, அசுர வேகத்தில் சுழலும் ஒரே பெரிய நட்சத்திரமாகிவிடலாம். நம் வாழ்த்துப் பாக்களுக்கு மிகவும் பிடித்த முடிவு.

மற்ற வழிதான் விசித்திரமானது. பெரிய நட்சத்திரங்கள் முதுமையில் ஊதிப் பெருக்கும். நடுவில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகச் சேர்ந்துவிட, வெளிப்புறம் விரிந்துகொண்டே போகும். ஒட்டிக்கொண்டிருக்கிற இருவரும் அப்படி விரிந்தால், கலந்துபோவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் இத்தனை நெருக்கத்தில் ஒன்றின் இழுப்பு மற்றதை வேகமாகச் சுழலச் செய்து, உள்ளுக்குள்ளேயே தயிர் கடைவது போலக் கடைந்துவிடலாம். மையத்தில் சேர்ந்தது வெளியே வருகிறது. வெளியே இருந்த புதிய எரிபொருள் உள்ளே போகிறது. அப்படி நடந்தால் விரியாமல், கட்டுக்கோப்பாக, கடைசிவரை இரண்டாகவே இருந்துவிடும். முடிவில் இரண்டு கருந்துளைகள் மிஞ்சும். பக்கத்தில் இருப்பவனின் இழுப்பே என்னை நானாக வைத்திருக்கிறது! இப்படி ஒரு நெருக்கத்தை நான் எந்தக் கதையிலும் கற்பனை செய்ததில்லை.

இதுவும் முடிந்த வழக்கல்ல. எதிர்பார்த்ததைவிட அதிகமான வெப்பம், உள்ளே கடைசல் நடக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்கிறது. மேற்பரப்பின் இரசாயனத்தைப் பின்னால் ஆராய்ந்தபோது அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. சாட்சிகள் முரண்படும் வழக்கில் தீர்ப்பு எழுத நான் யார்? தவிரவும், இன்று நமக்குக் கிடைக்கும் ஒளி 1,60,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது.

அந்த நாவலின் மறுபதிப்புக்கான அச்சுப் பிரதி இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அந்தப் பெண் தனக்கென்று ஏதாவது விரும்பிய இடம் உண்டா என்று முதல் பக்கத்திலிருந்து தேடினேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஓர் இடம் அகப்பட்டது. கல்யாணமாகி வந்த முதல் வாரம், ஆசிரியப் பயிற்சிப் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியை அவள் பரணில் ஏற்றி வைக்கிறாள். அதற்குப் பிறகு 280 பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அந்தப் பெட்டியை அவளும் இறக்கவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

பதிப்பாளரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு எழுதியிருக்கிறேன்.