சேரும் தேதி

பொறியியல் கல்லூரியில் நடக்கும் வளாகத் தேர்வில் ஒரு நிறுவனம் மாணவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பல கல்லூரிகளில் அவர் அதன்பின் வேறு நிறுவனத்தின் தேர்வுக்கு உட்கார முடியாது. ஒருவருக்கு ஒரு வேலை. மற்ற பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி இது. ஆனால் இது மாணவரை மட்டுமே கட்டுகிறது. ஆஃபர் லெட்டர் கொடுத்த நிறுவனம் அவரை எத்தனை நாளுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை.

2021–22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. கொரோனா காலத்தில் மென்பொருள் வேலைகள் குவிந்தன. இருந்த ஊழியர்களோ கூடுதல் சம்பளம் தேடி நிறுவனம் மாறிக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்திலேயே 2022இல் படிப்பை முடித்தவர்களுக்கும் கடிதங்கள் போயின. பிறகு அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். 2023–24இல் இன்ஃபோசிஸின் ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 26,000 குறைந்தது. கணக்குத் தப்பியது தலைமை அலுவலகங்களில். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் இருபத்தொரு, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்.

2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு ஆறரை லட்ச ரூபாய் சம்பளத்துக்குத் தேர்வாகிக் காத்திருந்தவர்களிடம், மூன்றரை லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. மாதக்கணக்கில் காத்திருந்தவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? இன்ஃபோசிஸில் 2022ஆம் ஆண்டுப் பட்டதாரிகள் பலர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்துதான் மைசூரு பயிற்சி வளாகத்துக்குள் நுழைந்தார்கள். 2025 பிப்ரவரியில் அங்கிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தும் தேர்ச்சி பெறவில்லை, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது நிறுவனம். இருக்கலாம். படித்தது மறந்துபோகும் அளவுக்கு ஒருவரைக் காக்க வைத்துவிட்டு, பிறகு தேர்வில் தேறவில்லை என்று அனுப்புவது முறையா என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் பதில் கிடையாது.

அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பது நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளில் தெரியாது. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும்தான் அவகாசம். அது முடிந்ததும் தவணை தொடங்கிவிடும். சேரும் தேதிக்காக வங்கி காத்திருப்பதில்லை. ஊரில் இனிப்பு கொடுத்துச் சொன்ன செய்தி என்பதால், இன்னும் வேலைக்குப் போகலையா என்ற கேள்வி கல்யாண வீட்டில்கூட வரும். அதற்குப் பயந்தே வெளியே போகாத பிள்ளைகள் உண்டு. வேறு வேலையில் சேரலாமென்றால், சேர்ந்த மறுமாதமே பழைய நிறுவனம் கூப்பிட்டால் என்ன செய்வது? பி.எஃப். கணக்கில் பதிவாகி, பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கலாகிவிட்டால்? இந்தப் பயத்தில் கணக்கில் வராத சின்ன வேலைகளைப் பார்த்துக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். விசாரித்து எழுதினால், வணிகத் தேவையைப் பொறுத்துத் தெரிவிக்கப்படும் என்று ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவர் பெயர்கூட இருக்காது. பிறகு இன்னொரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனால், இரண்டு வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நிறுவனம் செய்த தாமதம், அடுத்த நிறுவனத்தின் மேசைக்கு வரும்போது அந்தப் பிள்ளையின் குறையாகிவிடுகிறது.

சந்தை சரிந்தால் ஆள் எடுக்க முடியாதுதான். அப்போது, எங்களால் முடியவில்லை, நீங்கள் வேறு வழி பாருங்கள் என்று உடனே சொல்லலாம். சொல்லாமல் வைத்திருப்பதால் நிறுவனத்துக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நிலைமை மாறினால் அழைத்துக்கொள்ள ஆள் தயாராக இருக்கும். நம் தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் வேலையில் சேர்ந்தவரைப் பற்றியே பேசுகின்றன. வாசலில் நிற்பவருக்கு வழக்குப் போட வழியிருந்தாலும், மூன்றரை லட்சச் சம்பளத்துக்குக் காத்திருப்பவர் எந்த வக்கீலை வைப்பார்?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பொது விளம்பரம் கொடுத்து நேர்காணல் நடத்தினால், 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்பதை வந்தவரிடம் சொல்லியாக வேண்டும். வேலை கொடு என்று சட்டம் கேட்கவில்லை. பதில் சொல் என்கிறது, அவ்வளவுதான்.

இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் சேரும் தேதி வராவிட்டால் மாணவர் மறுபடி வளாகத் தேர்வில் உட்காரலாம் என்று கல்லூரிகளே விதியை மாற்ற முடியும். வாக்குத் தவறிய நிறுவனத்தை அடுத்த ஆண்டு அழைக்காமல் இருக்கவும் முடியும். செய்யத் தயங்குவதற்குக் காரணம், நெடுஞ்சாலை ஓரத்துப் பேனர்களில் கல்லூரிகள் காட்டும் எண்ணிக்கை கடிதம் வாங்கியவர்களுடையது என்பதுதான். கவுன்சலிங் நாட்களில் கல்லூரிக்குப் போகும் பெற்றோர், எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது என்பதோடு நிறுத்தாமல், அவர்களில் எத்தனை பேர் எந்த மாதம் வேலையில் சேர்ந்தார்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கட்டும்.